உதட்டுக் கணக்கு

வாயில் குண்டூசி இருக்கும்போது குண்டூசியக்கா பேசமாட்டாள். கடையே தீப்பிடித்தாலும் வாயைத் திறக்கமாட்டாள் என்று அவள் புருஷன் சொல்வார். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. ஒருமுறை இஸ்திரிப் பெட்டியின் வயர் புகைய ஆரம்பித்தபோது, உதட்டில் இருந்த மிச்ச ஊசிகளை ஒன்றுவிடாமல் ஒரு மனிதரின் பேன்ட்டில் குத்தி முடித்துவிட்டு, அப்புறம்தான் நிதானமாகத் திரும்பி, "ஏங்க, பின்னாடி புகையுது" என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, அகலம் குறைந்து நீளம் கூடிய கடை அது. புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும்தான். இளைத்தவர்களுக்குப் பிடிக்க வேண்டும், பெருத்தவர்களுக்குப் பிரித்துவிட வேண்டும். பெருத்தவர்களே அதிகம். பின்பக்க மேஜையில் புருஷன் பிரிப்பார், வெட்டுவார், மெஷினில் ஓட்டுவார். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். முன்பக்கம் மூன்று மடிப்புக் கண்ணாடி, அதற்கு முன்னால் ஒரு மரப்பெட்டி. வருகிறவர்கள் பெட்டிமேல் ஏறி நிற்க, அக்கா தரையில் உட்கார்ந்து ஊசி குத்துவாள்.

டப்பாவிலிருந்து எண்ணிப் பன்னிரண்டு எடுப்பாள். கொண்டை வெளியே தெரிய, எல்லாவற்றையும் உதட்டின் இடது ஓரத்தில் வரிசையாகச் செருகிக்கொள்வாள். அதற்கப்புறம் குனிந்து பார்க்கவோ எண்ணவோ மாட்டாள். இன்னும் எத்தனை மிச்சம் என்று உதடே சொல்லிவிடும். வாய் காலியானால் பன்னிரண்டும் துணியில் ஏறிவிட்டது என்று அர்த்தம். யாராவது ஆச்சரியப்பட்டால் கொஞ்சம் தலையை நிமிர்த்திக்கொண்டு, "பத்தொன்பது வருஷத்துல ஒரு ஊசி தவறினதில்ல" என்பாள்.

பத்தொன்பது வருஷம் என்பது சும்மா சொல்கிற கணக்கு இல்லை. கடை திறந்த முதல் வருஷம், ஒரு சின்னப் பெண்ணின் கவுனைப் பிடித்துக் கொடுத்தாள். அக்குள் பக்கம் ஒரு ஊசி மாட்டிக்கொண்டே போய்விட்டது. மறுநாள் குழந்தையின் அம்மா வந்தாள். கத்தவில்லை. கவுனை மேஜைமேல் வைத்தாள், அந்த ஊசியைப் பக்கத்தில் வைத்தாள், போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அக்கா மறந்திருப்பாள். திட்டாமல் போனதால்தான் அது மனசில் தைத்து நின்றது. அன்றிலிருந்துதான் பன்னிரண்டு கணக்கு, அன்றிலிருந்துதான் ஊசி இருக்கும்போது மௌனம்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஞானப்பல் வம்புக்கு வந்தது.

இடது பக்கம், கீழே, கடைசியில் பாதி முளைத்துப் பாதி ஈறுக்குள் கிடந்தது. மூணு மாதத்துக்கு ஒரு முறை ஈறு வீங்கும். கன்னம் உப்பும். வாயைத் திறந்தால் ஒரு விரல்தான் நுழையும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பாள், மாத்திரை போடுவாள், பல்லைக் கடிக்கவும் முடியாமல் கடிக்காமலும் முடியாமல் நாலு நாள் ஓட்டுவாள். "ஞானப்பல்லுன்னு பேரு. நாப்பத்திமூணு வயசுல ஞானம் வந்தாக்கூடப் பரவாயில்ல, வீக்கம்தானே வருது" என்று வாடிக்கைக்காரர்களிடம் சிரிப்பாள். சிரித்தால் வலிக்கும்.

ரெண்டு கடை தள்ளி மாடியில் பல் டாக்டர் இருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். எதையும் மறைக்காமல் சொல்கிற பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மற்ற பற்கள் எல்லாம் ஒழுங்காக நிற்க, இது மட்டும் ரெண்டு பேர் சீட்டில் ஒருத்தனே கால் நீட்டிப் படுத்த மாதிரி குறுக்கே கிடந்தது.

"பக்கத்துப் பல்லை இடிச்சு அதுலயும் சொத்தை ஆரம்பிச்சிடுச்சு அக்கா. இதை எடுத்துடறதுதான் நல்லது. தள்ளிப்போட்டா ஒருநாள் கழுத்துவரைக்கும் வீங்கி ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியிருக்கும்."

"எடுத்துடுங்களேன்."

"எடுக்கலாம். ஒரு விஷயம் மட்டும் சொல்லிடணும்." எக்ஸ்ரேயில் பல்லின் வேருக்குக் கீழே ஓடிய மங்கலான கோட்டை விரலால் காட்டினாள். "இது நரம்பு. உதட்டுக்கு உணர்ச்சி போற நரம்பு. வேர் அதுமேலேயே உக்காந்திருக்கு. எடுக்கும்போது கொஞ்சம் நசுங்கினா, கீழுதடு இந்தப் பக்கம் மரத்துப்போகும். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்கு ஆகும், அதுலயும் முக்கால்வாசி பேருக்குக் கொஞ்ச மாசத்துல திரும்ப வந்துடும். யாரோ ஒருத்தருக்கு வராமலேயும் போகலாம்."

"இந்தப் பக்கம்னா, எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்தான்."

அக்காவின் கை தானாக இடது உதட்டோரத்துக்குப் போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்துவிட்டாள். இது நடந்தது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால். அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தாள்.

யோசனைக்கு எண்ணெய் ஊற்ற அவள் தங்கை ஒருத்தி போதும். தங்கைக்குப் போன வருஷம் அதே பல்லை எடுத்தார்கள். "நாலு மாசம்க்கா! உதட்டுல பருக்கை ஒட்டியிருந்தாக்கூடத் தெரியல. எதிர்ல இருக்கிறவங்க சிரிச்சாத்தான் தெரியும். காபி குடிச்சா வழிஞ்சு சட்டையில விழும், அப்புறம்தான் ஓஹோ வழியுதான்னு பார்ப்பேன்" என்று போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலை பார்க்கிறவள். உதடு மரத்தால் அவளுக்குச் சட்டைதான் கெடும். அக்காவுக்கு அப்படியா?

மாஸ்டரைக் கேட்டால், "உன் வாய், உன் இஷ்டம்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. இந்த மனுஷனிடம் யோசனை கேட்பதும் கண்ணாடியிடம் கேட்பதும் ஒன்றுதான் என்று அக்காவுக்கு எரிச்சலாக வரும். "எடுன்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க. நடுவுல நின்னா எப்படி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் சுண்ணாம்புக் கட்டியால் துணியில் ஒரு கோடு போட்டுவிட்டு, "உதடு போச்சுன்னா நீ தாங்கமாட்டே. பல் வலியையும் நீதான் தாங்கறே. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஒரு டீச்சரும், அவருக்குப் பின்னால் ஆறடிக்குமேல் வளர்ந்த ஒரு செக்யூரிட்டியும் வந்தார்கள். ரெண்டு பேருக்கும் குத்தி முடித்தபோது கன்னம் மறுபடி விண்விண் என்று தெறித்தது. இந்த ரெண்டு வருஷத்தில் இது எட்டாவது முறை. பதினொரு மணிக்கு மாடி ஏறினாள்.

டாக்டர் மரப்பு ஊசி போட்டு, ஈறுக்குள் சேர்ந்திருந்ததையெல்லாம் கழுவிச் சுத்தம் செய்தாள். "அக்கா, இதுக்குமேல கழுவிக்கிட்டே இருக்க முடியாது. திங்கக்கிழமை பெரிய டாக்டர் வருவார், வாய் ஆபரேஷன் மட்டும் பண்றவர். அவர் கைக்கு நான் பொறுப்பு. சனிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றாள். "உதடு மூணு மணி நேரம் மரத்திருக்கும். அதுவரைக்கும் சாப்பிடாதீங்க, சூடா குடிக்காதீங்க, தெரியாம உதட்டைக் கடிச்சுக்காதீங்க. நான் ஒரு மணிக்கு வர்றேன், வெள்ளிக்கிழமை கான்ஃபரன்ஸுக்குக் கோட்டும் பேன்ட்டும் பிடிக்கணும்."

குண்டூசியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பல் டாக்டர் படிப்பில் குண்டூசி ஒரு பாடமாகவா வரும்?

ஒரு மணிக்கு டாக்டர் வந்து பெட்டிமேல் ஏறினாள். எதிரே நேராகப் பார்த்துக் கையைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும் என்பது கடையின் சட்டம். டாக்டரானாலும் அதே சட்டம்தான். அக்கா தரையில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். கை எண்ணிப் பன்னிரண்டு எடுத்தது, வாய்க்குக் கொண்டுபோனது. பத்தொன்பது வருஷப் பழக்கத்துக்கு யாரும் உத்தரவு கேட்பதில்லை.

வலது காலின் ஓரத்தை மடித்து ஆறு ஊசி. டாக்டரைத் திருப்பினாள். இடது காலை மடித்தாள். வாயிலிருந்து எடுக்க எடுக்க விரலில் வந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த ஊசிக்கு விரல் போனபோது உதட்டோரம் காலியாக இருந்தது. சரி, முடிந்தது என்று எழப்போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முடிந்தது என்று யார் சொன்னது? உதடு சொல்லவில்லை. உதடு பதினொரு மணியிலிருந்து எதையுமே சொல்லவில்லை. தடித்துப்போய், வேறு யாருடையதோ மாதிரி, முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பல வருஷத்தில் முதல் முறையாக, துணியில் குத்தியதை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். வலதில் ஆறு. இடதில் ஐந்து.

மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான்.

டாக்டர் குனியாமலே கேட்டாள். "என்னாச்சு அக்கா?"

"ஒண்ணைக் காணோம்." வாய் கோணியதால் வார்த்தையும் கோணலாக வந்தது. "வாயில பன்னெண்டு வெச்சேன். பதினொண்ணுதான் இருக்கு."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா! மரத்த உதட்டுலயா வெச்சீங்க? ஐயோ, முழுங்கிட்டீங்களா?"

"தெரியலையே டாக்டர். தெரிஞ்சாத்தானே சொல்ல!"

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க." பெட்டிமேலிருந்து இறங்கவும் வழியில்லை, இறங்கினால் பதினொன்றும் காலில் குத்தும். அங்கேயே நின்று குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் அக்காவின் வாய்க்குள் பார்த்தாள். "இங்க இல்ல. இப்பவே போய் வயித்துக்கு எக்ஸ்ரே எடுக்கணும். விளையாட்டு இல்ல இது."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. வயிற்றுக்குள் ஊசி போயிருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் வேறு. வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருக்கப்போகிறதா? இன்றைக்கு ஒரு ஊசி, நாளைக்கு எந்தக் குழந்தையின் கவுனில்? "வேணாம். பல்லை எடுக்கவே வேணாம். வீங்கிச் செத்தாலும் பரவாயில்ல" என்று தரையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

பின்பக்கம் இஸ்திரிப் பெட்டி நின்றது. மாஸ்டர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் கறுப்பாக, வட்டமாக ஒரு காந்தம். எப்போதோ கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. அதை மரப்பெட்டியின் இடது பக்கம் நேராக இறக்கினார், தேடவே இல்லை. டிக் என்றது. பிறகு, வந்த வேலையோடு வேலையாக, கண்ணாடிக்கு அடியிலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் காந்தத்தைத் தூக்கினார்.

அதில் மூன்று ஊசி ஒட்டியிருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். மாஸ்டர் முகத்தில், பழக்கத்தில் கையை நீட்டி மாட்டிக்கொண்டவரின் அசட்டுக் களை.

"ஒண்ணுதானே காணோம்? மூணு இருக்கே!" என்றாள் டாக்டர். "இதுல இப்ப விழுந்தது எதுன்னு எப்படித் தெரியும்? எதுவுமே இல்லாமலும் இருக்கலாமே. எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்."

"வேணாங்க டாக்டர். பெட்டிப் பக்கம் எடுத்தது இப்ப விழுந்ததுதான். நீங்க இந்தப் பக்கம் திரும்பினப்ப விழுந்துச்சு, சத்தம் கேட்டேன்."

"சத்தமா? குண்டூசி விழுந்த சத்தமா?"

"எனக்குக் கேக்கும்."

அக்கா மெதுவாக எழுந்தாள். "அப்ப அந்த ரெண்டு?"

மாஸ்டர் ஊசிகளைக் காந்தத்திலிருந்து பிய்த்தார்.

"ஏங்க, உங்களைத்தான் கேக்கறேன். அந்த ரெண்டு எப்ப விழுந்துச்சு?"

"காலையில. அந்த செக்யூரிட்டிக்குக் குத்தினியே, அப்ப."

அப்போது அவள் டாக்டரிடம் போயிருக்கவே இல்லை. உதடு நன்றாகத்தான் இருந்தது. வலித்தது, ஆனால் மரக்கவில்லை. வாய் காலியானதும் பன்னிரண்டும் ஏறிவிட்டது என்று நம்பித்தான் அந்த மனிதரை அனுப்பினாள்.

"தினமும் விழுமா?" என்று கேட்டாள்.

"தினமும் இல்ல."

"எத்தனை வருஷமா பொறுக்கறீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க!"

"அந்தக் கவுனு வந்ததுல இருந்து." மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாயங்காலம் நீ முன்னாடி வீட்டுக்குப் போவியே, அப்புறம் ஒரு தடவை பெருக்கிட்டு இதை இழுப்பேன். இஸ்திரி போடும்போது துணிமேலயும் ஒரு தடவை. துணியில கம்மிதான். வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு. எடுத்து உன் டப்பாவுல போட்டுடுவேன்."

அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எத்தனை பேரிடம் தலையை நிமிர்த்திச் சொல்லியிருப்பாள்! "பத்தொன்பது வருஷமா என்னை முட்டாளாக்கி வெச்சிருந்தீங்களா? ஊரெல்லாம் நான் பீத்திக்கிட்டுத் திரியறேன், நீங்க பின்னாடி உக்காந்து சிரிச்சீங்களா?"

"ஒருநாளும் சிரிச்சதில்ல." அவர் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். "கவுனைக் கொண்டுவந்து போட்டுட்டுப் போனாங்களே, அன்னியில இருந்து நீ மூணு நாள் சாப்பிடல. கடையை மூடிடலாம்னு சொன்னே. இன்னொரு தடவை உன்னை அப்படிப் பார்க்க என்னால ஆகாது. அவ்வளவுதான்."

"ஒன்றரை வருஷமா உதடு உதடுன்னு உயிரை விட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? உன் உதடு நீ நினைக்கிற மாதிரி இல்லன்னா? வலியில இருக்கிறவகிட்ட அதைச் சொல்லி, போய்ப் பல்லை எடுத்துக்கோன்னு தள்ளிவிடச் சொல்றியா?"

டாக்டர் கண்ணாடியில் தன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிமேல் மாட்டிக்கொண்டவள் வேறு எங்கே பார்ப்பது?

வெளியே பஸ் வந்தது, போனது. அக்காவுக்குக் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் ஒரு குழந்தைக்கும் ஊசி குத்தவில்லை. அது பொய் இல்லை. அதை அவள் உதடு மட்டும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அக்கா மறுபடி தரையில் உட்கார்ந்து டாக்டரின் இடது காலைத் தன் பக்கம் திருப்பினாள். "இன்னும் ஒண்ணு குத்தணும்" என்றாள். மாஸ்டர் பக்கத்தில் குந்தி உள்ளங்கையை நீட்டினார், மூன்று ஊசியும் அதில் இருந்தது. அவர் கையிலிருந்து ஒன்றை எடுத்துக் குத்தினாள்.

"டாக்டர், திங்கக்கிழமை அந்தப் பெரிய டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?"

"பத்து மணிக்கு."

"பேரை எழுதிக்குங்க. எடுத்துடலாம்."

எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. வீக்கம் ஒரு வாரம் இருந்து வடிந்தது. மரப்பு மட்டும் உதட்டுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் தங்கிவிட்டது. டாக்டர் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. அப்படியென்றால் நரம்பு திரும்பி வருகிறது, நாளாகும் என்றாள் டாக்டர். ஆகட்டும் என்று அக்காவும் விட்டுவிட்டாள்.

மூன்றாவது வாரம் கடைக்கு வந்தபோது மாஸ்டர் ஒரு சின்னத் திண்டு தைத்து வைத்திருந்தார். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அதில் ஊசியைக் குத்தி வைத்து எடுக்கலாம். கட்டிப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஊசி கைக்குப் போனதும் வாய் காலியானது. இங்கேதான் ஒருவரும் நினைக்காத விளைவு வந்தது.

குண்டூசியக்கா பேச ஆரம்பித்தாள்.

பத்தொன்பது வருஷத்துப் பாக்கி போலிருக்கிறது. பெட்டிமேல் நிற்கிற டீச்சரிடம் பேசினாள், செக்யூரிட்டியிடம் பேசினாள், பேன்ட் நீளம் பார்க்க வந்து வாயே திறக்காத ஒரு கணக்கு வாத்தியாரையும் பேச வைத்தாள். பல் எடுத்த கதையை ஆரம்பம் முதல் சொன்னாள். நடுநடுவே, துணியில் குத்தியதையும் தொட்டு எண்ணிக்கொண்டாள்.

ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்த மாஸ்டர், மூன்றாம் நாள் மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு முன்பக்கம் வந்தார்.

"நீ இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா ஊசி விழறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது."

"கேக்க வேணாம்" என்று அக்கா கையை நீட்டினாள். "காந்தத்தை இங்க குடுங்க."

அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு மேஜைக்கு அடியில் போய்க் கயிற்றோடு எடுத்துவந்து கொடுத்தார். அன்று சாயங்காலம் அவர் பெருக்க, அவள் காந்தத்தை இழுத்தாள். நாலு ஊசி வந்தது. நாலையும் அவளே எண்ணி டப்பாவில் போட்டாள், ரெண்டு பேரும் சேர்ந்து கடையைப் பூட்டினார்கள்.